அறுபத்துமூன்று விழுக்காடு

லாபிஸ் ஸ்டேஷனுக்கு எதிர்வரிசை.
பல் டாக்டருக்கும் உரக்கடைக்கும் நடுவில்
எங்கள் கடை.
இன்றிரவு ஷட்டரைப் பாதிதான் இறக்கியிருக்கிறோம்.
மேசையில் ஐந்து, தரையில் நான்கு:
செம்பனை ஆலை ஆபீசின் பழைய கணினிகள்.
காலை ஏழுக்குக் கிராணி ரொஸ்லான் வேனோடு வந்துவிடுவார்.

ஒவ்வொன்றிலும் ஆறு ஏற்ற வேண்டும்.
லோரிகளின் எடைக் கணக்கு,
அதற்கு அடியில் ஒரு தரவுத்தளம்,
அதற்கும் அடியில்
பெயர்கூட யாரும் கேட்காத ஏதோ ஒன்று,
பிரிண்டர், சம்பளப் பட்டியல், வைரஸ் காவல்.

"பந்திக்கு முந்தணும்" என்றான் தவனேசன்.
ஒரே கணினியில் ஆறையும் திறந்துவிட்டான்.
ஆறு பச்சைக் கோடுகள் முண்டியடித்துக் கிளம்பின.
தே ஓ பொட்டலத்தின் கழுத்தை அவன் அவிழ்ப்பதற்குள்
முதல் பெட்டி எழுந்தது:
வேறொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது.
அது முடியும்வரை காத்திருக்கவும்.
இரண்டாவதும் அதையே சொன்னது.
மூன்றாவது இரண்டாவதற்காகக் காத்திருந்தது.
இரண்டாவது யாருக்காக என்று
சொல்லவில்லை.
உள்ளே வட்டு,
தகரக் கூரையில் எலி புகுந்ததுபோல் கறகறத்தது.
பச்சை அறுபத்துமூன்றில் நின்றது.
நின்றேவிட்டது.

வட்டு ஒன்று. அதன் முள்ளும் ஒன்று.
ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால்
எழுதுவதைவிட
ஓடுவதற்கே அதற்கு நேரம் சரியாயிருக்கும்.

தரையில் உட்கார்ந்து என் நான்கையும் பார்க்கிறேன்.
பெயரில்லாதது முதலில்.
பிறகு அதன் தோளில் ஏறுவது.
பிறகு அதற்கும் மேலே.
ஒரு கணினி யோசிக்கும் நேரத்தில்
முழங்காலால் நகர்ந்து அடுத்ததைத் தட்டிவிடுவேன்.
ஒன்றுக்குள்தான் முன்பின்.
நான்கும் ஒன்றுக்கொன்று எதுவும் பட்டதில்லை,
அவை தம்பாட்டுக்கு ஓடலாம்.
இதைச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் வரும்.
சொல்லவில்லை.

பதினொன்றரைக்குத்
தெற்கே போகிற சரக்கு ரயில் வந்து நின்றது,
எதிரே வருவதற்கு வழிவிட.
சில நாள் இருபது நிமிடம், சில நாள் நாற்பது.
பக்கத்தில் இரண்டாவது பாதை போட்டாயிற்று.
ஜல்லி, கட்டை, தலைக்கு மேல் மின்கம்பிகூட.
இன்னும் திறக்கவில்லை.
புதுத் தண்டவாளத்தில் ஒரு பூனை
வாலை நக்கிக்கொண்டிருந்தது.
பழையதில் ரயில் பெருமூச்சு விட்டது.

தவனேசன் வயரைப் பிடுங்கினான்.
மறுபடி பூஜ்யம்.

என் கைப்பேசியில்
ஒன்பது நாளாய் ஒரு கடிதம் கிடக்கிறது.
சிங்கப்பூர், ஊட்லண்ட்ஸ், இரவு வேலை.
நாளைக்குள் பதில் வேண்டுமாம்.
இந்தக் கடையின் வாடகை ஒப்பந்தத்தில்
என் கையெழுத்தும் இருக்கிறது,
இன்னும் பதினான்கு மாதம்.
இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன்.
எனக்குள்ளும் அந்த எலி.
என்ன ஒரு மாதிரியா இருக்க, என்று கேட்டால்
காத்திருக்கவும் என்றா சொல்வது?

மூன்று மணிக்கு என் நான்கும் முடிந்தன.
மேசைப் பக்கம் முனகல் கேட்டது:
பெயரில்லாதது. தரவுத்தளம். எடை.
விரலை மடக்கி மடக்கி
ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான்.
நான் துடைத்த விசைப்பலகையையே
இன்னொரு முறை துடைத்தேன்.

ஏழு மணிக்கு எட்டு வேனில் ஏறின.
ஒன்பதாவதன் திரையில் மட்டும் ஒரு கேள்வி:
இப்போதே மறுதொடக்கம் செய்யவா,
பிறகா?
தவனேசன் என்னைப் பார்த்தான்.
வாயோரத்தில் தே ஓ உறிஞ்சிய குழாய்.
"அமுக்கவா?"

"இருடா" என்றேன்.
"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

வாசலில் ரொஸ்லான் ஹார்ன் அடித்தார்.